எந்த ‘வாறன்’?

நயினாதீவுக்கு வள்ளம் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் உச்சி வெயிலுக்கு வந்து இறங்கியதும் எனக்கு வந்த முதல் எண்ணம், பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கொண்டுவந்த பஸ் அங்கேயேதான் நின்றது. சாரதி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கண்ணயர்ந்திருந்தார். ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஏன் திரும்பி வந்தாய் என்று என்னை ஒருவரும் கேட்கப் போவதில்லை.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தால் குடை பறக்கிறது, குடையைப் பிடித்தால் கைப்பை தோளிலிருந்து சரிகிறது. உதட்டை நனைத்தால் உப்புக் கரித்தது. இந்த வயதில் ஒரு பிள்ளையைத் தேடிக் கடல் தாண்ட வேண்டுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

“கோயிலுக்கோ ரீச்சர்?” என்றார் கயிறு பிடித்துக்கொண்டு நின்றவர். என் முகத்தில் எங்கே ரீச்சர் என்று எழுதியிருக்கிறதோ தெரியாது, எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

“இல்லை. ஒரு வீட்டுக்கு.”

“அப்ப அங்காலை நிக்கிற வள்ளத்தில ஏறுங்கோ. இது விகாரைக்குப் போற ஆக்கள் பிடிச்சது.”

அங்காலை நின்ற வள்ளத்தில் ஏறினேன். உள்ளே குனிந்துதான் இறங்க வேண்டும். டீசல் மணமும், பலபேர் போட்டுக் கழற்றிய பாதுகாப்பு அங்கியின் புளித்த மணமும். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அம்மாளாச்சியைக் கூப்பிடத் தொடங்கினார். நானும் மனதுக்குள் ஒரு பேரைக் கூப்பிட்டேன். அது அம்மாளின் பேர் இல்லை. தர்சிகா.

தர்சிகா எங்கள் கம்பஸில் முதலாம் வருட மாணவி. நயினாதீவுப் பிள்ளை. சில கிழமைகளாக வகுப்புக்கு வரவில்லை. வருகிற திங்கட்கிழமையும் வரவில்லையென்றால் வரவு போதாது என்று பரீட்சை எழுத விடமாட்டார்கள். முதலாம் வருடப் பரீட்சையை விட்டவர்கள் மறுவருடம் வந்து எழுதலாம் என்று விதி சொல்கிறது. விதி சொல்வதுதான். வந்து எழுதியவர்களை நான் கண்டது அருமை.

இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘நீங்கள் எப்போதும் களைத்துப்போய்த்தான் எழுதுகிறீர்களா’ என்று கேட்டிருந்தார். ஓம். ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கிறது. அதுவரை இப்படித்தான்.

தக்கவைத்தல்

முதலாம் வருடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். பீடக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவருக்குத்தான் புது வேலை என்பது எங்கள் இடத்து எழுதாத சட்டம். அன்று நான் பல்லுப் பிடுங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பல்லும் இல்லை, நிம்மதியும் இல்லை.

உடனே கொழும்புக்கு ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய மண்டபம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, உலகத்தின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் புதுப் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்று திரையில் படம் படமாக. பகிடி பண்ணத்தான் போனேன். ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பு விளங்காமல் போவதில்லை, தங்களை ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் போகிறார்கள் என்றார். முதல் சில கிழமைகளுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் துணைக்கு வேண்டும். சின்னச் சின்னக் குழுவாக வைத்துப் படிப்பிக்க வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் உடனே தேட வேண்டும்.

இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை இன்னொருவர் திரை போட்டுச் சொன்னால்தான் எங்கள் நிர்வாகம் கேட்கும். அந்தப் படங்களில் பச்சைப் புல்வெளியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்திலும் வள்ளம் இருக்கவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. தமிழில் ‘தக்கவைத்தல்’ என்று மொழிபெயர்த்தோம். குளத்தில் தண்ணீரைத் தக்கவைப்பது போலப் பிள்ளைகளைத் தக்கவைப்பது. தொடக்க விழாவுக்குப் பெரிய பதாகை அடிக்கக் கொடுத்தோம். அடித்து வந்ததைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை, அப்படியே மேடைக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள்.

‘முதலாம் வருட மாணவர்களைத் தாக்கவைத்தல்.’

புதுப் பிள்ளைகளைச் சீண்டி வதைக்கும் பகிடிவதைக்குப் பேர்போன மூன்றாம் வருடப் பெடியள் பின்வரிசையில் இருந்து கை தட்டினார்கள். முன்வரிசையில் புதுப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வெளிறிப்போய் இருந்தார்கள். பீடாதிபதிக்கு வியர்த்துவிட்டது. ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து, “கெதியாய் அந்தக் காலை வெட்டுங்கோ” என்றார். அவர் சொன்னது எழுத்தின் காலை. முன்வரிசைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு தகப்பன் எழும்பி மகளின் கையைப் பிடித்ததை நான் கண்டேன்.

பிறகு ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை அந்தக் காலின் மேல் ஒட்டினோம். காற்றடித்தால் கடதாசி எழும்பும், கால் தெரியும், விழும். விழா முடியும்வரை நாங்கள் தக்கவைத்தும் தாக்கவைத்தும் கொண்டிருந்தோம்.

பகிடியை விட்டுச் சொன்னால், அந்தத் திட்டத்தால் பயனில்லாமல் இல்லை. மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை பெட்டி கட்டியபோது மறித்திருக்கிறோம். ஆங்கில விரிவுரை விளங்காமல் கழிவறையில் நின்று அழுத ஒருத்தி இன்று எங்களோடேயே உதவி விரிவுரையாளர். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே அழுகை புதுப் பேரோடு வருகிறது. நான் மட்டும்தான் பழசாகிக்கொண்டு போகிறேன்.

அந்த ஒரு சொல்

தர்சிகா வரவில்லை என்று முதலில் சொன்னவள் வினோதா. மூன்றாம் வருடம், சுன்னாகத்துப் பிள்ளை, தர்சிகாவின் குழுவுக்கு அவள்தான் துணை அக்கா. பொறுப்பானவள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே உடனே போன் எடுத்திருக்கிறாள்.

“என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“வாறன் அக்கா எண்டு சொன்னவ மிஸ்.”

நல்லது என்றேன். வரவில்லை. வினோதா மறுபடி எடுத்தாள்.

“இப்ப என்னவாம்?”

“சரி அக்கா, வாறன் எண்டவ.”

அதற்கும் நல்லது என்றேன். மூன்றாம் முறையும் அதே பதில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வினோதா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அது அபசகுனம். கடைக்குப் போனாலும், கலியாணம் முடித்துப் போனாலும், கப்பலேறிப் போனாலும் ‘வாறன்’ என்றுதான் படியிறங்க வேண்டும். வாய் தவறிப் ‘போறன்’ என்றால் பெரியவர்கள் கூப்பிட்டுத் திருத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். அதனால் எங்கள் ஊரில் வருகிறவனும் ‘வாறன்’ என்கிறான், போகிறவனும் ‘வாறன்’ என்கிறான்.

தர்சிகா வினோதாவிடம் சொன்னது எந்த ‘வாறன்’?

இதை இங்கே பிறந்தவர்களால் மட்டும்தான் இப்படிப் பிழையாக விளங்கிக்கொள்ள முடியும். ‘வாறன் அக்கா’ என்று பிள்ளை விடைபெற்றுப் போயிருக்கிறாள். நாங்கள் மூன்று முறையும் அவள் வரப்போகிறாள் என்று சந்தோசப்பட்டிருக்கிறோம். கொழும்புப் பட்டறையில் இதற்குப் படம் போடவில்லை.

நான் வேலணையில் பிறந்தவள். அங்கே எங்கள் ஒழுங்கையில் பாதிக் கேற்றுகளில் பூட்டுத் தொங்குகிறது. அவ்வளவு பேரும் ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். என் அண்ணாவும் அப்படித்தான். தெற்கில் கடை வைத்திருந்தவர், கடை போனபின் கனடாவுக்குப் போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ‘சரி தங்கச்சி, வாறன்’ என்றார். இப்போதும் தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் போன் எடுத்து, ‘இந்த வருசம் கட்டாயம் வாறன்’ என்கிறார். நான் ஓம் என்கிறேன். அவருக்குப் பிடித்த பனங்கிழங்கு ஒடியல் மாவை வாங்கி வைக்கிறதை மட்டும் சில வருடங்களாக விட்டுவிட்டேன்.

இந்தச் சொல்லோடு எனக்குக் கோபம் உண்டு. அதனால்தான் அந்த வெயிலில் வள்ளம் ஏறினேன். திட்டத்துக்காக இல்லை.

அர்ச்சனைக் கடை

வீடு கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. கோயில் வீதியில் ஒருவரிடம் கேட்டேன், “ஆர், மனோன்மணியின்ரை மகளோ? உந்தா, கடையிலதான் நிக்கிறா” என்று கையைக் காட்டினார்.

அர்ச்சனைச் சாமான் விற்கும் சின்னக் கடை. தேங்காய், வெற்றிலை, கற்பூரம், தாமரைப் பூ வைத்த பனையோலைத் தட்டுகள். என்னைக் கண்டதும் தர்சிகா கையிலிருந்த கற்பூரப் பெட்டியைக் கீழே வைத்தாள். ஓடி ஒளியவில்லை. வந்துவிட்டார்களே என்பது போலப் பார்த்தாள்.

தாய் மனோன்மணி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் தெற்கில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, திருவிழாவுக்குத்தான் வருவார் என்றார். ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். சோடாவை உடைத்தார். பிறகுதான் பேச்சுக்கு வந்தார்.

“அவளுக்குப் படிப்பு விளங்கேல்லையாம் மிஸ். எல்லாம் இங்கிலீசாம். விருப்பமில்லாத பிள்ளையை நான் அடிச்சே அனுப்புறது? ஏஎல் சோதினைக்கு அந்தமாதிரிப் படிச்சவள். எங்கடை ஒழுங்கையில கம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.”

சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை. தேங்காய்க் குடுமியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அந்த நேரம் கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் கடைக்கு முன்னால் நின்று தட்டு விலை கேட்டது. மனோன்மணி அவர்களைக் கவனிக்கப் போனார். சிங்களத்தில் அவர் பேரம் பேசிய அழகைக் கேட்டால், இந்த வீட்டுப் பிள்ளைக்கா மொழி வராது என்று தோன்றியது.

“இங்கிலீசோ?” என்று தர்சிகாவிடம் மெதுவாகக் கேட்டேன். “நீர் எழுதின முதல் கட்டுரையைத் திருத்தினது நான். எனக்குக் கதை விடாதையும்.”

அவள் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

“பின்னேரக் குழு இருக்கெல்லே மிஸ்.”

“ஓம்.”

“அது முடியக் கடைசி வள்ளம் போயிடும்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். விரிவுரை முடிந்த கையோடு பஸ் எடுத்தால் கடைசி வள்ளத்தைப் பிடித்து வீட்டுக்கு வரலாம். எங்கள் துணைக் குழு விரிவுரைகளுக்குப் பிறகுதான் கூடுகிறது. குழுவுக்கு நின்றால் வள்ளம் இல்லை. வள்ளம் இல்லையென்றால் கோண்டாவிலில் சித்தி வீடு.

“சித்தி ஏதும் சொன்னவவோ?”

“இல்லை மிஸ். ஒண்டும் சொல்லேல்லை.” விரலால் சாக்கின் நூலை இழுத்தாள். “நான் போய் மணி அடிப்பன். முதல் கிழமை ஓடிவந்து திறந்தவ. பிறகு பிறகு கொஞ்சம் பிந்தும். கடைசியா நிண்ட நாள், உள்ளுக்குள்ள ஆக்கள் கதைக்கிறது கேக்குது, கதவு திறக்க ஆள் வரேல்லை. நான் படியில இருந்தனான்.”

“அம்மாவுக்குச் சொன்னனீரோ?”

“அம்மாவின்ரை சொந்தத் தங்கச்சி மிஸ். எப்பிடிச் சொல்லுறது?”

அதனால் குழுவுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாள். குழுவுக்கு வராத பிள்ளை என்று எங்கள் திட்டம் அவளை உடனே கண்டுபிடித்துவிட்டது. அதில் நாங்கள் கெட்டிக்காரர். கவனம் தேவைப்படுகிற பிள்ளை என்று தீர்மானித்து, சனிக்கிழமையும் வந்து மேலதிகக் குழுவில் இருக்கச் சொன்னோம். சனிக்கிழமைக்கு இன்னொரு வள்ளம், இன்னொரு மணி அடிப்பு. அதோடு பிள்ளை வகுப்பையே விட்டுவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். நாங்கள் நல்ல அக்கறையோடுதான் பிடித்தோம்.

“வள்ளம் இல்லை எண்டு வினோதாவுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான். ஒருக்கா. பக்கத்தில நிண்ட ஒரு பிள்ளை சிரிச்சிட்டுது மிஸ். தீவார் எண்டால் எல்லாத்துக்கும் வள்ளத்தைத்தான் சாட்டுவினம் எண்டு.”

நான் படித்த காலத்திலும் இதே சிரிப்பு இருந்தது. வேலணைத் தீவுக்குக் கடலின் மேல் தாம்போதிப் பாதை இருந்தும் என்னை விட்டுவைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தீவு என்றால் எல்லாம் ஒரே தீவுதான். அவ்வளவு காலம் கழித்து அந்தச் சிரிப்பு அப்படியே, ஒரு பல்லும் விழாமல், இந்தப் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

“விடுதிக்கு விண்ணப்பிக்கேல்லையோ?”

“யாழ்ப்பாண மாவட்டம் எண்டு தரேல்லை. தூரம் காணாதாம்.”

விடுதி தூரத்தைக் கிலோமீற்றரில்தான் பார்க்கும். கிலோமீற்றரில் நயினாதீவு கிட்டத்தான். கடலுக்கு அங்கே கணக்கில்லை.

காலியான கட்டில்

விடுதிப் பொறுப்பாளர் என்னோடு ஒன்றாகப் படித்தவள். அன்று காலை அவள் எனக்கு வேறு ஒரு விசயமாகப் போன் எடுத்திருந்தாள். இன்னொரு முதலாம் வருடப் பிள்ளை பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாள், உன் தக்கவைத்தல் என்ன செய்கிறது என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது அந்தப் பிள்ளையின் கட்டில் நினைவுக்கு வந்தது.

கடையின் பின்பக்கம் வேப்பமரத்தடியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று அவளுக்கு எடுத்தேன். விதியைச் சொன்னாள். நான் கடலைச் சொன்னேன். மறுபடி விதியைச் சொன்னாள். நான் கதவு திறக்காத கதையைச் சொன்னேன்.

“சோதினை முடியும்வரைக்கும் தற்காலிகமா வைச்சிருக்கலாம். அதுக்குப் பிறகு என்னட்டைக் கேக்காதை. பின்னேரம் பூட்ட முதல் கூட்டிக்கொண்டு வா” என்றாள்.

திரும்பி வந்து, விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்று தர்சிகாவிடம் சொன்னேன். குழுவை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுகிறேன், அது என் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதாவது தெரியும் என்று நினைத்தேன்.

“சரி மிஸ். வாறன்” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வெயிலில் வந்து, டீசல் மணத்தில் வாந்தி வராமல் அடக்கி, அந்தச் சொல்லையே திரும்பக் கேட்கவா.

“எந்த வாறன்?”

அவள் விழித்தாள்.

“வாறதுக்குச் சொல்லுற வாறனோ, போறதுக்குச் சொல்லுற வாறனோ? வினோதாவுக்குச் சொன்னதோ? எனக்குக் களைச்சுப்போச்சுப் பிள்ளை. உமக்கு வர விருப்பமில்லையெண்டால் மாட்டன் எண்டு சொல்லும். நான் கோவிக்க மாட்டன். அடுத்த வள்ளத்தில போயிடுவன். ஆனா உந்தச் சொல்லை மட்டும் எனக்குச் சொல்லாதையும்.”

மகளிடம் இப்படிக் கதைத்ததற்கு மனோன்மணி குறைநினைப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டுக்கு வெற்றிலை அடுக்கிக்கொண்டு நின்றார். கேட்டிருக்கிறார் என்று கை நின்ற விதத்தில் தெரிந்தது.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு தர்சிகா நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

“அந்தக் கட்டில் ஆற்ரை மிஸ்?”

“உம்மைப்போல ஒரு முதலாம் வருடப் பிள்ளையின்ரை. ஊருக்குப் போயிட்டா.”

“இனி வரமாட்டாவோ?”

“தெரியாது. அறைப் பிள்ளையளுக்கு ‘வாறன்’ எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவவாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக நேரே பார்த்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள். அலுமாரிக் கதவு கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

மனோன்மணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “ஹொஸ்ரல் என்னத்துக்கு மிஸ்? என்ரை தங்கச்சி வீடு இருக்குத்தானே. அங்கை வசதியாத்தானே நிண்டவள்” என்றார்.

“லைப்ரரிக்குக் கிட்ட அக்கா. சோதினை நேரம் வசதி.”

அவர் தேங்காய்களைச் சரித்துச் சரித்து அடுக்கினார். அடுக்கியிருந்ததையே திரும்ப அடுக்கினார்.

“தங்கச்சியின்ரை வீடு சின்னன்” என்றார் கடைசியில். “அவளும் பாவம்தான்.”

எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தாய் மகளுக்கு மறைத்து, மகள் தாய்க்கு மறைத்து, இருவருமாக ஒரு சித்தியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பழியை இங்கிலீஷ் ஏற்றுக்கொண்டது.

துறையில்

நாங்கள் மூவரும் இறங்குதுறைக்கு நடந்தோம். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மனோன்மணியும் வந்தார். தர்சிகாவின் தோளில் ஒரு பை, கையில் இன்னொரு பை. தாயின் கையில் விபூதி மடித்த கடதாசிச் சரையும், பருத்தித்துறை வடை போட்ட ஒரு போத்தலும். வெயில் தாழ்ந்திருந்தாலும் சூடு தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் நொந்தது.

வள்ளத்தில் சனம் ஏறிவிட்டிருந்தது. மனோன்மணி மகளின் நெற்றியில் விபூதியைப் பூசி, கன்னத்தைத் தடவினார். தர்சிகா வள்ளத்தின் விளிம்பில் காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“போறன் அம்மா” என்றாள்.

வள்ளத்தில் இருந்த பேச்செல்லாம் நின்றுவிட்டது. கடலில் கால் வைக்கும்போது சொல்கிற சொல்லா அது. பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா வாயில் கை வைத்தார். மனோன்மணியின் முகம் கறுத்துப்போனது.

“என்னடி கதை இது? வாறன் எண்டு சொல்லு.”

“வாறன் எண்டால் மிஸ் நம்பமாட்டா அம்மா.”

யாரோ சிரித்தார்கள். மனோன்மணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. நான் என்ன பிள்ளை வளர்த்தேன், நீ என்ன சொல்லிக்கொடுத்தாய் என்கிற பார்வை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அம்மாவுக்கு வடிவாச் சொல்லும் பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லுறது வேற” என்றேன்.

தர்சிகா யோசித்தாள். வள்ளக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் காத்து நின்றார். அந்தத் துறையில் ஒரு சொல்லுக்காக வள்ளம் காத்து நின்றதை நான் முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை.

“வெள்ளிக்கிழமை கடைசி வள்ளத்தில வாறன் அம்மா.”

மனோன்மணியின் தோள்கள் இறங்கின. “ஓம். மீன் வாங்க மாட்டன், வெள்ளிக்கிழமை எல்லே. உனக்குப் பிடிச்ச கத்தரிக்காய் பொரிச்சு வைக்கிறன்” என்றார். நாளும் வள்ளமும் கறியும் சேர்ந்தபின் அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. அதை வெட்ட வேண்டியதில்லை.

நானும் ஏறினேன். குனிந்து உள்ளே போக மனம் வராமல் மேலேயே பலகையில் உட்கார்ந்தேன். வள்ளம் பின்வாங்கியது. வழக்கம் விடுமா, கையை உயர்த்தி, “சரி அக்கா, வாறன்” என்றேன்.

“எப்ப மிஸ்?” என்று கரையிலிருந்து கேட்டார் மனோன்மணி.

என் ஆயுளில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. நானும் அண்ணாவிடம் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்கு மறுமொழி ‘ஓம்’ மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். இயந்திரம் சத்தம் போடத் தொடங்கியது, எங்களுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டு போனது.

எனக்குப் பக்கத்தில் தர்சிகா எழும்பி நின்றாள். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கும் இயந்திரத்துக்கும் மேலால் கத்தினாள்.

“சோதினை முடிஞ்ச கையோட நானே கூட்டிக்கொண்டு வாறன் அம்மா.”

சோதினை என்ற சொல் அன்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.